கைவிலங்கும் கைத்தாங்கலும்: கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ், ஹியூமன் சர்வீசஸ்

"மகள் கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ் எடுத்திருக்கிறாள்" என்று கலிஃபோர்னியாவில் ஒரு தமிழ் வீட்டு விருந்தில் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "போலீஸா ஆகப்போறா?" இரண்டாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் முகத்தில் எழுதியிருக்கும்: "நாலு வருஷ யுனிவர்சிட்டி கிடைக்கலையா?" அதே இடத்தில் ஹியூமன் சர்வீசஸ் என்று சொன்னால் கேள்வியே வராது. ஏதோ எச்.ஆர். வேலை போல என்று நினைத்துக்கொண்டு சாம்பாரைத் தள்ளுவார்கள்.

பல கல்லூரிகளில் இந்த இரண்டு படிப்பும் ஒரே துறையின் கீழோ பக்கத்து அறையிலோ இருக்கும். ஒன்று ஆளைப் பிடிக்கிற படிப்பு, இன்னொன்று ஆளைத் தாங்குகிற படிப்பு என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றும். எதற்காக ஒன்றாக வைத்திருக்கிறார்கள்? அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சட்டமும் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் கலிஃபோர்னியாவை வைத்தே சொல்கிறேன்.

முதலில் காலேஜைப் பற்றிச் சுருக்கமாக. நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழிற்பயிற்சிதான் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் தொழிலும் கற்றுத்தரும், பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தையும் நடத்தும். இன்றும் நடந்துகொண்டிருக்கும் அரசுக் கம்யூனிட்டி காலேஜ்களில் மூத்தது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரத்தில் 1901இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்போது 116 இருக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். சாதாரணமாக ஒரு பாடம் 3 யூனிட். 60 யூனிட் முடித்தால் அசோசியேட் டிகிரி, ஆக மொத்தக் கட்டணம் 2,760 டாலர். புத்தகம், பார்க்கிங் எல்லாம் தனி. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் இந்தக் கட்டணமும் பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் பல மடங்கு கட்ட வேண்டும்.

கிரிமினல் ஜஸ்டிஸ்: மூன்று வீடு, ஒரு தெரு

கலிஃபோர்னியக் கல்லூரிகளில் இதற்குப் பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ் என்று பெயர். பெயர் மாறினாலும் சரக்கு ஒன்றுதான். போலீஸ், நீதிமன்றம், தண்டனைத் துறை ஆகிய மூன்றும் எப்படி இயங்குகின்றன, ஒரு ஆள் முதல் வீட்டில் நுழைந்தால் கடைசி வீடு வரை எப்படிப் போகிறார் என்பதே பாடம். அறிமுக வகுப்பு, குற்றச் சட்டம் இரண்டும் எல்லாருக்கும் உண்டு. அதன்பின் சாட்சியச் சட்டம், நீதிமன்ற நடைமுறை, சிறார் நீதி, சிறைத்துறை, புலனாய்வு என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே புள்ளியியல், உளவியல், சமூகவியல் வரும். டிவியில் வருகிற மாதிரி நீல வெளிச்சத்தில் ரத்தத் துளி தேடும் ஆசையில் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே வாடிப்போவார்கள். பெரும்பாலான நேரம் படிப்பது வழக்குத் தீர்ப்புகள்.

தமிழில் யோசிக்கிறவர்களுக்கு முதலில் சில சொற்கள் இடறும். நமக்கு ஜெயிலும் சிறையும் ஒன்றுதான். அங்கே ஜெயில் என்பது கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நடத்துவது. கைதாகி விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் குறுகிய தண்டனைக்காரர்களும் அதில் இருப்பார்கள். ப்ரிசன் என்பது மாநிலமோ மத்திய அரசோ நடத்துவது, நீண்ட தண்டனைக்கு. பரோல் இன்னும் மோசமாகக் குழப்பும். நம் செய்தித்தாளில் பரோல் என்றால் வீட்டில் சாவு, கல்யாணம் என்று கைதியைச் சில நாள் வெளியே விட்டுத் திரும்ப உள்ளே அழைத்துக்கொள்வது. அமெரிக்காவில் பரோல் என்பது சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு கண்காணிப்பில் வாழ்வது. நிபந்தனையை மீறினால்தான் உள்ளே திரும்ப வேண்டியிருக்கும். ப்ரொபேஷன் என்பது, தோராயமாகச் சொன்னால், சிறைத் தண்டனைக்குப் பதிலாகக் கண்காணிப்பு. தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் இருக்கிறாரே, ஏறக்குறைய அவர் வேலைதான் ப்ரொபேஷன் ஆபீசருடையது.

தீர்ப்புகளில் இரண்டையாவது எந்த மாணவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "நீங்கள் பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படும்" என்று போலீஸ் சொல்ல வேண்டிய வாசகம் 1966இன் மிராண்டா வழக்கிலிருந்து வந்தது. எனக்குப் பிடித்தது 1963இன் கிடியன் வழக்கு. ஃப்ளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாகப் பிடிபட்ட ஏழை. வக்கீல் வேண்டும் என்று கேட்டார், இல்லை என்றார்கள். தானே வாதாடித் தோற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பெரிய குற்றச்சாட்டில் சிக்கிய ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மறு விசாரணையில் வக்கீலோடு போனார், விடுதலையானார். பப்ளிக் டிஃபெண்டர் என்ற வேலை நாடு முழுக்கப் பரவியதற்கு அந்தப் பென்சில் மனுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்தப் படிப்பு சொல்லித்தரும் இன்னொரு உண்மை சற்றுக் கசப்பானது. அங்கே தண்டனையில் முடிகிற வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் விசாரணையே நடப்பதில்லை. அரசு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் பேரம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனையோடு முடித்துக்கொள்கிறார்கள்.

ஹியூமன் சர்வீசஸ் எங்கிருந்து வந்தது?

இதற்கு ஒட்டிக்கொள்ளும் ஒரு தமிழ்ச் சொல் இன்னும் அமையவில்லை. மக்கள் நலப் பணி என்று சொல்லலாம், ஆனால் நமக்கு அது அரசாங்க ஆர்டர் மாதிரி ஒலிக்கும். வேலையைச் சொன்னால் எளிதில் புரியும். வீடில்லாதவர்கள் தங்குமிடம், போதை மறுவாழ்வு மையம், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கான இல்லம், முதியோர் உதவி, வளர்ப்புப் பெற்றோர் திட்டம். இப்படிப்பட்ட இடத்தின் வாசலில் முதலில் உட்கார்ந்து, வருகிறவரின் கதையைக் கேட்டு, எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்பி, போய்ச் சேர்ந்தாரா என்று தொடர்ந்து பார்க்கிறவரே இந்தப் பணியாளர். கேஸ் மேனேஜர், இன்டேக் வொர்க்கர் என்று பல பெயர்கள்.

1963 அக்டோபர் 31 அன்று ஜனாதிபதி கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கொல்லப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு. பெரிய மனநோய் மருத்துவமனைகளில் அடைத்து வைப்பதைக் குறைத்து, ஊருக்கு ஊர் சிறு மையங்கள் அமைத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே சிகிச்சை தருவது திட்டம். அப்படியானால் அந்த மையங்களில் வேலை செய்ய ஆள் வேண்டுமே? மருத்துவரும் கிடைக்க மாட்டார், வெறும் வார்டு பாயும் போதாது. இடையில் நிற்க ஒருவர் வேண்டும். இரண்டு வருடப் படிப்பில் அவரைத் தயார் செய்யக் கல்லூரிகள் முன்வந்தன. அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்தத் துறை.

திட்டம் பாதியில் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகள் காலியான வேகத்தில் மையங்கள் வரவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் தெருவுக்கும், தெருவிலிருந்து ஜெயிலுக்கும் போனார்கள். நாட்டின் மிகப் பெரிய மனநோய் நிலையங்களில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஜெயில் என்று பல ஆண்டுகளாகவே சொல்லிவருகிறார்கள். இரண்டு படிப்பும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன.

ஒரே ஆள், இரண்டு வாசல்

தெருமுனையில் ஒருவர் சட்டை இல்லாமல், கார்களுக்கு நடுவே நடந்து, யாரிடமோ கத்திக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரோ 911க்குப் போன் செய்கிறார்கள். வருவது போலீஸ். குற்றம் எதுவும் நடக்கவில்லை, ஆனால் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்த அதிகாரி எடுக்கும் கருவிக்கு 5150 என்று பெயர். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால், அல்லது தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றால், 72 மணி நேரம் வரை வைத்துப் பரிசோதிக்க அனுமதி தரும் பிரிவு அது. இந்தப் பிரிவு குற்றச் சட்டத் தொகுப்பில் இல்லை, நலன் மற்றும் நிறுவனங்கள் என்ற தொகுப்பில் இருக்கிறது. அதைப் போலீஸும் பயன்படுத்தலாம், கவுண்டி அங்கீகரித்த மனநலப் பணியாளரும் பயன்படுத்தலாம். சீருடைதான் வேறு.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் அப்பட்டம். அதே தொகுப்பில் 300ஆம் பிரிவு, வீட்டில் அடிபட்ட அல்லது கைவிடப்பட்ட குழந்தையை நீதிமன்றம் தன் பொறுப்பில் எடுப்பது பற்றியது. 602ஆம் பிரிவு, சட்டத்தை மீறிய சிறுவர் பற்றியது. ஒன்றில் குழந்தை பாதிக்கப்பட்டவன், மற்றதில் குற்றம் சாட்டப்பட்டவன். இரண்டும் சிறார் நீதிமன்றத்துக்கே போகும். அடிபட்ட பையனை வளர்ப்பு வீட்டில் விடுகிறார்கள், அங்கிருந்து ஓடுகிறான், பசிக்குக் கடையில் கை வைக்கிறான். 300 ஆக வந்தவன் 602 ஆக நிற்கிறான். அப்போது என்ன செய்வது? 241.1 என்று ஒரு பிரிவு சொல்கிறது: ப்ரொபேஷன் துறையும் குழந்தைகள் நலத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து, இவனை எந்தப் பக்கம் வைப்பது நல்லது என்று நீதிபதிக்கு அறிக்கை தர வேண்டும். ஒரு நாற்காலியில் கிரிமினல் ஜஸ்டிஸ் படித்தவர், எதிர் நாற்காலியில் ஹியூமன் சர்வீசஸ் வழியாக வந்தவர். நடுவில் ஒரே ஃபைல்.

இந்தச் சங்கமம் புதிதும் இல்லை. 1841 ஆகஸ்டில் பாஸ்டன் நகரப் போலீஸ் கோர்ட்டில் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைக்கும் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். கந்தல் உடையில் ஒரு குடிகாரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அகஸ்டஸ் அவரோடு சில நிமிடம் பேசினார். சிறைக்கு அனுப்பாமல் விட்டால் இனி தொட மாட்டேன் என்றார் அந்த ஆள். அகஸ்டஸ் நீதிபதியிடம் கேட்டு ஜாமீனில் எடுத்தார், குடிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வைத்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்ப அழைத்து வந்தபோது இவர்தான் அவரா என்று நம்ப முடியாத அளவுக்கு ஆள் மாறியிருந்தார். நீதிபதி விதித்த அபராதம் ஒரு சென்ட், கோர்ட் செலவும் சேர்த்து மொத்தம் 3 டாலர் 76 சென்ட். 1859இல் சாகும் வரை அகஸ்டஸ் இப்படி 1,900க்கும் மேற்பட்டவர்களை ஜாமீனில் எடுத்தார். எல்லாரையும் எடுக்கவில்லை. விசாரித்து, ஆளைப் பார்த்து, தேறுவார் என்று தோன்றியவரை மட்டும். யாரை எடுப்பது என்று விசாரிப்பது, வெளியே இருக்கும்போது கண்காணிப்பது, பிறகு நீதிபதிக்கு அறிக்கை கொடுப்பது. இந்த மூன்றும்தான் இன்றைய ப்ரொபேஷன் ஆபீசரின் வேலை. 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது.

போலீஸ் பக்கத்திலும் ஒருவர் உண்டு. பெர்க்லி நகரத்தின் ஆகஸ்ட் வோல்மர். கல்லூரிப் படி ஏறாதவர். 1905இல் நகரப் போலீஸுக்குத் தலைவரான மார்ஷலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1908இல் தன் ஆட்களுக்கே ஒரு பள்ளி தொடங்கி, கடைசியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். போலீஸ்காரர் ஒரு சமூகப் பணியாளரும் ஆக வேண்டும் என்று அவர் 1919இலேயே போலீஸ் தலைவர்கள் கூட்டத்தில் பேசினார். கேட்டவர்களில் எத்தனை பேர் உள்ளூரச் சிரித்தார்களோ. பிறகு 1968இல் மத்திய அரசு போலீஸ்காரர்களைக் கல்லூரிக்கு அனுப்பப் பணம் ஒதுக்கியதும், இந்தத் துறை நாடெங்கும் கம்யூனிட்டி காலேஜ்களில் முளைத்தது.

"கோபமாக இருந்தார்" என்று எழுதாதே

இரண்டு படிப்பிலும் வருகிற ஒரு பாடத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். எழுதுவது. ஒரு பக்கம் அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் என்று பெயர், மறுபக்கம் கேஸ் நோட். புதிதாக வந்த மாணவர் இப்படி எழுதுவார்:

"வந்தவர் குடித்திருந்தார். கோபமாக இருந்தார். ஒத்துழைக்கவில்லை."

ஆசிரியர் மூன்று வாக்கியத்தையும் அடித்துவிடுவார். திருத்தி எழுதியது இப்படி இருக்கும்:

"மூச்சில் இனிப்புக் கலந்த வாடை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார். 'உங்ககிட்ட பேச ஒண்ணுமில்ல' என்று இரண்டு முறை சொன்னார். பேச்சு குழறியது. தண்ணீர் கேட்டார், மூன்று டம்ளர் குடித்தார். 2.40க்குக் கிளம்பினார்."

முதல் குறிப்பில் தீர்ப்பு இருக்கிறது, இரண்டாவதில் ஆள் இருக்கிறார். சர்க்கரை நோய் முற்றிக் கீட்டோன் ஏறிய ஒருவருக்கும் மூச்சில் அப்படி வாடை வரும், பேச்சு குழறும், தாகம் எடுக்கும். இரண்டாவது குறிப்பைப் படிக்கும் நர்ஸுக்கு அது உறைக்கும். முதல் குறிப்பைப் படித்தால் "குடிகாரன்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். நீதிமன்றத்திலும் அப்படித்தான். "குடித்திருந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வி கேட்டால் அந்த ரிப்போர்ட் சாய்ந்துவிடும்.

இரண்டு பக்கமும் வேறுபடும் இடம் ரகசியம். போலீஸிடம் சொன்னது சாட்சியம் ஆகும். ஹியூமன் சர்வீசஸ் பணியாளரிடம் சொன்னது வெளியே போகக்கூடாது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. குழந்தை அடிபடுகிறது என்று சந்தேகம் வந்தாலே உடனே போனில் தெரிவித்து, 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் தர வேண்டும் என்கிறது கலிஃபோர்னியச் சட்டம். அது விருப்பமில்லை, கடமை. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்பதும் செல்லாது, பார்த்தவரே சொல்ல வேண்டும். "எங்கிட்ட மட்டும் சொல்லு, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை முதல் நாளே வாயிலிருந்து எடுத்துவிடச் சொல்வார்கள்.

சரி, படித்தால் என்ன வேலை?

இங்கேதான் விளம்பரத் துண்டுப் பிரசுரங்கள் கொஞ்சம் மழுப்புகின்றன. அசோசியேட் டிகிரியோடு போலீஸ் ஆகிவிடலாம் என்பது பாதி உண்மை. டிகிரி தனி, அகாடமி தனி. கலிஃபோர்னியாவில் போலீஸ் அடிப்படைப் பயிற்சி குறைந்தது 664 மணி நேரம், இப்போது வயது 21 ஆகியிருக்க வேண்டும். சில கம்யூனிட்டி காலேஜ்கள் அகாடமியையும் நடத்துகின்றன. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். மத்திய அரசின் ப்ரொபேஷன் ஆபீசர், எஃப்.பி.ஐ. ஏஜென்ட் எல்லாம் நாலு வருடப் பட்டம் கேட்கும் வேலைகள், எஃப்.பி.ஐ.யில் அமெரிக்கக் குடியுரிமையும் கேட்பார்கள். விசாவில் இருக்கும் நம்மவர்கள் சேருவதற்கு முன்பே இதை யோசிக்க வேண்டும்.

ஹியூமன் சர்வீசஸ் பக்கம் ஏமாற்றம் வேறு விதம். இந்த இரண்டு வருடப் பட்டம் உங்களைச் சோஷியல் வொர்க்கர் ஆக்காது. சோஷியல் வொர்க்கராக மனநல ஆலோசனை தரும் லைசென்ஸ் வேண்டுமென்றால் எம்.எஸ்.டபிள்யூ. என்ற முதுநிலைப் பட்டம் முடித்து, அதன்பின் மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை செய்து, தேர்வும் எழுத வேண்டும். அசோசியேட் டிகிரி அந்த ஏணியின் முதல் படி. சம்பளமும் முதல் படிச் சம்பளம்தான், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் களப்பணி என்ற பாடத்தில் உண்மையான ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கிறது. பெரும்பாலும் அதற்கு முன் கைரேகை எடுப்பார்கள், அந்த ஊர்ப் பேச்சில் லைவ் ஸ்கேன். காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று நாலு வருடம் செலவழிக்காமல் இரண்டாவது செமஸ்டரிலேயே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் பெரிய லாபமே அதுதான்.

ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். ஃபெலனி எனப்படும் பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் கலிஃபோர்னியாவில் போலீஸ் ஆக முடியாது. அதே ஆள், அதே கடந்த காலத்தோடு, போதை மறுவாழ்வு மையத்தில் மற்றவர்களுக்குக் கைகொடுக்கும் வேலைக்கு வரலாம். அங்கே அது அனுபவம் என்று கணக்கில் ஏறவும் செய்யும். 2014இல் வந்த மாநிலச் சட்டத்துக்குப் பிறகு கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்கள் சிறைக்குள்ளேயே போய் வகுப்பு எடுக்கிறார்கள். 1994இல் கைதிகளுக்கு நிறுத்தப்பட்ட பெல் கிராண்ட் உதவித்தொகை 2023 ஜூலையில் திரும்ப வந்தது. ஆகவே வெளியே வந்து மீதி யூனிட்டை முடிக்கிறவரும், அடுத்த வருடம் அகாடமிக்குப் போகிறவரும் அறிமுக வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கலாம். சிறைத்துறை பாடம் நடக்கும்போது புத்தகத்தில் இல்லாததைச் சொல்ல ஒருவர் இருப்பார்.

கடைசியாகப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் கணக்கு. பட்டத்தின் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் ஒரு வருடம் வீணாகும். பெயருக்குப் பின்னால் "டி" என்று, ஏ.எஸ்.-டி அல்லது ஏ.ஏ.-டி என்று இருந்தால், அது மாற்றத்துக்கென்றே செய்த பட்டம். 2010இல் வந்த சட்டத்தின்படி, அதை முடித்தவருக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் மூன்றாம் வருட இடம் உறுதி. மேலும் 60 யூனிட்டில் இளநிலை முடிந்துவிடும். எந்த வளாகம் என்பதற்கு மட்டும் உறுதி இல்லை. அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸுக்கும், சோஷியல் வொர்க் அண்ட் ஹியூமன் சர்வீசஸுக்கும் இந்த "டி" பட்டங்கள் உண்டு, ஆனால் எல்லாக் கல்லூரியிலும் இரண்டும் இருக்காது. வேலைக்கென்று மட்டும் செய்த சான்றிதழ்ப் பாடங்களும் அதே துறையில் இருக்கும், அவற்றில் சில பல்கலைக்கழகத்தில் செல்லாது. அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் உங்கள் காலேஜையும் போக நினைக்கும் வளாகத்தையும் கொடுத்தால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும். அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு, முதல் செமஸ்டர் பதிவுக்கு முன்பே கவுன்சிலரைப் பாருங்கள். ஆகஸ்ட் மாதம் போனால் வரிசை வாசல் வரை நிற்கும், மே மாதமே போய்விடுங்கள்.